கட்டடம் யாருக்குச் சொந்தம்?
திருமலைப் புனித சூசையப்பர் கல்லூரி நமக்குக் கற்பிக்கும் பாடம்



படித்த பாடசாலையை நினைத்தால் உமக்கு முதலில் எது நினைவுக்கு வருகிறது? சிலருக்கு மணியோசை. சிலருக்கு நீண்ட விறாந்தை. சிலருக்குக் கண்டிப்பும் கனிவும் கலந்த ஓர் ஆசிரியரின் முகம். ஆனால் அந்தச் சுவர்களை எழுப்பியவர் யார், எதற்காக எழுப்பினார், இன்று அவை யாருக்குச் சொந்தம் என்று கேட்பவர் மிகச் சிலரே. இவ்வாரம் இக்கேள்விகளையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பாடத்துக்கு உதாரணமாகத் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியைத் தெரிந்துகொள்வோம். கிழக்கிலங்கைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் தாத்தாவும் தந்தையும் பேரனும் ஒரே வாசலால் நுழைந்த ஆண்கள் பாடசாலை அது. 1867-ம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டது. அதன் கதை திருமலைக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார் என எங்கெல்லாம் கோவிலின் நிழலில் ஒரு பாடசாலை எழுந்ததோ, அங்குள்ளவர்களுக்கும் அது பொருந்தும்.

துறைமுகமும் விசுவாசமும்

திருமலை நகரை உண்டாக்கியது அதன் துறைமுகம். மலைகள் சூழ்ந்து காக்கும் ஆழமான அந்த இயற்கைத் துறைமுகத்தின்மேல் கடலாண்ட வல்லரசுகள் எல்லாம் கண் வைத்தன. 1620-களில் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். அப்பொழுது கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கத்தோலிக்கராகிய நாம் இதை மறைத்துப் பேசலாகாது. அயலவரின் வழிபாட்டிடம் வீழ்ந்த காயம் அந்த மண்ணில் இருக்கிறது என்பதை அறிந்தே நமது வரலாற்றைச் சொல்ல வேண்டும். கட்டடம் ஒன்று கைமாறுவதும் இடிபடுவதும் எத்தகைய வேதனை என்பதைப் பிற்காலத்தில் நாமும் வேறு வகையில் உணர நேர்ந்தது.

1639-ல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து வந்த புனித யோசேப் வாஸ் அடிகளாரும் அவரைப் பின்தொடர்ந்த ஒரத்தோரியன் சபைக் குருக்களும் மறைந்து திரிந்து இலங்கையின் விசுவாசிகளைத் தேற்றினர். குரு ஓர் ஊருக்கு வந்து போனால் அடுத்த முறை எப்பொழுது வருவார் என்று எவரும் அறியார். இடைப்பட்ட காலத்தில் செபங்களைக் காத்தவர்கள் மூப்பரும் உபதேசியாரும் வீட்டுத் தாய்மாருமே.

வாசகரே, இதைச் சற்று நிறுத்தி நினையும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் முன்னோருக்குக் கத்தோலிக்கப் பாடசாலைக் கட்டடம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆயினும் விசுவாசம் அழியவில்லை. குடும்பமே பள்ளியாக இருந்தது. இந்த உண்மை நமது பாடத்தின் முடிவில் மீண்டும் தேவைப்படும்.

1795-ல் ஆங்கிலேயர் திருமலையைக் கைப்பற்றினர். 1806-ல் கத்தோலிக்கர் மீதிருந்த பழைய தடைச் சட்டங்கள் நீங்கின. துறைமுகம் கடற்படைத் தளமாக வளர்ந்தது. தளத்தை நாடித் தொழிலாளரும் வணிகரும் எழுதுவினைஞரும் வந்து குடியேறினர். கடற்கரையில் மீன்பிடிக்கும் குடும்பங்கள், தளத்தில் கூலி வேலை செய்வோர், பறங்கியர், அரசாங்க உத்தியோகத்தர் என்று பல வகையினர் ஒரே கோவிலில் முழந்தாளிட்டனர். இவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பது என்ற கேள்வி அப்பொழுதுதான் எழுந்தது.

1867: காலம் கனிந்த ஆண்டு

1847-ம் ஆண்டின் இறுதியில் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் இலங்கையில் கால் வைத்தனர். திருமலை அக்காலத்தில் யாழ்ப்பாண அப்போஸ்தலிக்க ஆட்சிப் பகுதியோடு சேர்ந்திருந்தது. அந்தப் பகுதியில் கல்விக்காக அயராது வாதாடிய ஒருவர் கிறிஸ்தோப் பொன்ஜீன் ஆண்டகை. பிரான்ஸ் நாட்டில் பிறந்து, தென்னிந்தியாவில் கோயம்புத்தூர்ப் பகுதியில் மறைபோதகராக உழைத்து, பின்பு யாழ்ப்பாணம் வந்து தியாகிகள் சபையில் சேர்ந்தவர். 1868-ல் யாழ்ப்பாணத்தின் ஆயரானார். பிற்காலத்தில் கொழும்பின் பேராயராகி, 1892-ல் இறந்தார்.

அவர் வாதம் எளியது. அரசாங்கம் வரிப்பணத்தில் கல்வி அளிக்கிறது. அந்த வரியைக் கத்தோலிக்கரும் செலுத்துகின்றனர். அப்படியானால் கத்தோலிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குத் தம் சமயச் சூழலில் கல்வி அளிக்க விரும்பும்போது, அந்தப் பாடசாலைக்கும் அரசாங்கம் உதவுவது நியாயம் அன்றோ?

சூசையப்பர் கல்லூரி தொடங்கிய அதே 1867-ல் இலங்கைச் சட்ட நிருபண சபை நியமித்த கல்விக் குழு, மோர்கன் என்பவரின் தலைமையில், தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1869-ல் பொதுக் கல்வித் திணைக்களம் உருவானது. சமயச் சபைகள் நடத்தும் பாடசாலைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கும் முறை பிறந்தது. ஆசிரியர் சம்பளத்தின் பாரம் ஓரளவு குறைந்தது. ஆனால் காணி வாங்குவதும் சுவர் எழுப்புவதும் கூரை வேய்வதும் முழுக்கச் சபையின் தலைமேலேயே இருந்தன. அரசாங்கம் கற்பித்தலுக்கு உதவும், கட்டடம் சபைக்குச் சொந்தம் என்ற இந்த ஏற்பாடே பிற்காலப் பிணக்கின் வித்தும் ஆயிற்று.

பாடசாலைக்குச் சூசையப்பரின் பெயர் ஏன்? துறைமுகத் தொழிலாளர் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. கையால் உழைத்து உண்டவர் அவர். தொழிலாளராகிய தந்தை தன் மகனை வளர்த்த வீடே நாசரேத்துத் திருக்குடும்பம். மூன்று ஆண்டுகளின் பின், 1870-ல், ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அவரை உலகத் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

இயேசு சபையாரின் கையில்

1893-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் கிழக்குப் பகுதியை யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்துத் திருகோணமலை மேற்றிராசனத்தை நிறுவினார். அது பிரெஞ்சு இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1898-ல் முதல் ஆயராக வந்த சாள்ஸ் லவீஞ் ஆண்டகை, அதற்கு முன் கேரளத்துக் கோட்டயத்தில் சிரிய வழிபாட்டுக் கத்தோலிக்கருக்கு மேய்ப்பராக இருந்தவர். அவருக்குப்பின் 1917-ல் கஸ்தோன் ரொபிஷே ஆண்டகை பொறுப்பேற்று நீண்ட காலம் ஆண்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரான்ஸிலிருந்து புதிய குருக்கள் வருவது அரிதாயிற்று. அந்த இடத்தை அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார் நிரப்பினர். அவர்களுள் ஒருவரான இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகை 1947 முதல் 1974 வரை ஆயராக இருந்தார். 1974-ல் லியோ இராஜேந்திரம் அன்ரனி ஆண்டகை ஆயரானார். மறைபோதக நாடாக இருந்த பூமி தன் சொந்த மேய்ப்பரைக் கண்டது. 2012-ல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது.

பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர், நம்மவர் என்று மூன்று தலைமுறை மேய்ப்பர்களை அந்த மேற்றிராசனம் கண்டது. அவர்களோடு துணைநின்று, பெயர் எங்கும் பொறிக்கப்படாமல் உழைத்தவர்கள் தமிழ் ஆசிரியர்கள். குருக்கள் மாற்றலாகிப் போவார்கள். ஊர் ஆசிரியரோ முப்பது நாற்பது ஆண்டு ஒரே வகுப்பறையில் நின்றார். கல்லூரியின் மொழியும் நினைவும் அவரிடமே தங்கின.

கட்டடத்தை வாசிக்கும் முறை

நூலை வாசிப்பது போலக் கட்டடத்தையும் வாசிக்கலாம். கிழக்குக் கரையில் மறைபோதகர் காலத்தில் எழுந்த எந்தப் பழைய பாடசாலைக்கும் நீர் பிள்ளைகளோடு சென்று இவற்றைப் பாரும்.

முதலில் சுவர். சீமெந்து மலிவாவதற்கு முன் கரையோர ஊர்களில் கடல் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். அந்தச் சாந்தில் கட்டிய சுவர் தடித்தது. பகல் வெயிலின் சூடு உள்ளே வர நேரம் எடுக்கும். ஆகவே பாடம் நடக்கும் நேரத்தில் வகுப்பறை குளிர்ந்திருக்கும். பழைய சுவர்மேல் கெட்டியான சீமெந்தைப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை உதிர்க்கும். பழைய கட்டடத்துக்குத் திருத்த வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டிய முக்கிய விஷயம் இது.

அடுத்து விறாந்தை. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை சாய்ந்து அடிக்கும். அகன்ற விறாந்தை அந்தச் சாரலைத் தடுக்கும். கச்சான் வீசும் மாதங்களில் அனலைத் தணிக்கும். அதே விறாந்தை மாணவர் வரிசையில் நிற்கும் இடமாகவும், சில வேளை மேலதிக வகுப்பறையாகவும் பயன்படும். கூரையை உயர்த்தி, எதிரெதிராகக் கதவும் சன்னலும் வைத்ததும் காற்றோட்டத்துக்காகவே. மின்விசிறி இல்லாத காலத்தில் நாற்பது பிள்ளைகள் ஓர் அறையில் இருந்து படித்தது இந்தக் கணக்கினால்தான்.

பின்பு கூரை. கிடுகிலிருந்து ஓட்டுக்கு மாறிய நாள் எந்தப் பாடசாலைக்கும் பெரிய நாள். ஒவ்வோர் ஆண்டும் வேய வேண்டிய செலவும் தீப்பயமும் அன்று தீர்ந்தன. கடலருகே பயன்படுத்திய இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். பனைமர வளையும் சலாகையும் நெடுங்காலம் நிற்கும்.

கடைசியாக அடிக்கல்லும் வாசல் எழுத்தும். ஆண்டு எது? யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை? தங்கள் செயல் யாவும் இறைவனின் அதிமிக மகிமைக்கே என்பது இயேசு சபையாரின் கொள்கை. அதன் நான்கு இலத்தீன் எழுத்துகளை அவர்கள் பள்ளி மாணவர் தம் கொப்பியின் தலைப்பிலும் எழுதுவதுண்டு. கல்லில் பெயர் பொறித்தவரின் பங்கை நாம் அறிவோம். கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், ஞாயிறு உண்டியலில் ஒரு சதம் இட்ட விதவை ஆகியோரின் பங்கைக் கடவுள் அறிவார்.

திறந்த வாசலும் திறவாத வாசலும்

இத்தகைய பாடசாலைகள் கத்தோலிக்கருக்கு மட்டும் பயன்பட்டவையல்ல. கிழக்கு மாகாணம் முழுவதும் அறிந்த சான்று ஒன்றைச் சொல்வோம். 1892-ல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற சைவப் பிள்ளை, மட்டக்களப்பில் இயேசு சபையார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பின் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். துறவு பூண்டபின் அவர் பெயர் சுவாமி விபுலாநந்தர். இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைக் கிழக்கில் வளர்த்தவரும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும், யாழ் நூல் இயற்றியவரும் அவரே. கத்தோலிக்கக் கல்லூரியில் கற்ற சைவர் தம் சமயத்துக்கும் தமிழுக்கும் தொண்டரானார். இதை இழப்பு என்று எண்ணுவது சிறுமை. கல்வி அதன் வேலையைச் செய்தது என்று மகிழ்வதே தகும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பித்த கல்லூரிகள் பெரும்பாலும் கட்டணம் வாங்கின. கடற்கரை மீனவன் மகனுக்குப் பங்கின் தமிழ்ப் பாடசாலையே எட்டியது. ஆங்கிலம் கற்றவன் அலுவலகத்துக்குப் போனான். தமிழ் மட்டும் கற்றவன் வள்ளத்துக்குத் திரும்பினான். ஒரே கோவிலில் நன்மை வாங்கிய இரு பிள்ளைகளைப் பாடசாலை இரு வழியில் அனுப்பியது. 1945-ல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த மதில் இடியத் தொடங்கியது. அத்திட்டம் கத்தோலிக்கத் தலைவர்கள் பலருக்கு அச்சம் தந்தது உண்மை. அது ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வழி திறந்ததும் உண்மை.

குண்டும் புயலும்

1942-ம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5-ல் வந்தது. அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள்களின் பின், 9-ம் திகதி வியாழக்கிழமை காலை, திருமலை தாக்கப்பட்டது. துறைமுகமும் சீனன்குடா விமானத் தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. நகர மக்கள் பலர் வீடுகளை விட்டு உட்பகுதிகளுக்கு ஓடினர். துறைமுகம் கொடுத்த வாழ்வோடு துறைமுகம் இழுத்த ஆபத்தும் வரும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்தது.

1957-ல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்டது. தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல வேலை தேடி வேறு இடம் பெயர்ந்தன. 1964 டிசம்பரில் பெரும் புயல் திருமலையைத் தாக்கியது. தனுஷ்கோடியை அழித்ததும் அதே புயல்தான். 1978 நவம்பரில் இன்னொரு புயல் மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்தது. பாடசாலைகளும் கோவில்களும் கூரையிழந்தன. ஒவ்வொரு முறையும் ஓடு பொறுக்கி, சுவர் நிமிர்த்தி, மணி அடித்துப் பாடம் தொடங்கியவர்கள் ஆசிரியரும் பெற்றோருமே.

1960: பெரிய கைமாற்றம்

இனி நமது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். 1960-ல் உதவி பெறும் பாடசாலைகள் பற்றிய 5-ம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளின் நிருவாகம் அரசாங்கத்திடம் சென்றது. 1961-ல் வந்த 8-ம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் அரசாங்க உடைமையாக்க வழி செய்தது. பெரிய பாடசாலைகள் சில உதவிப் பணமும் இன்றி, கட்டணமும் வாங்காமல், தனியே நிற்கலாம் என்று இடம் விடப்பட்டது. எத்தனை சபைகளால் அப்படி நிற்க முடியும்?

கத்தோலிக்கர் கொதித்தெழுந்தனர். பல இடங்களில் பெற்றோர் இரவும் பகலும் பாடசாலைகளுக்குள் அமர்ந்து காவல் இருந்தனர். பம்பாய்ப் பேராயர் வலேரியன் கிராசியாஸ் கர்தினால் இலங்கை வந்து சமரசம் பேசிய பின்னரே கொதிப்புத் தணிந்தது. தம் பாட்டன் கல் சுமந்த கட்டடம் ஒரு கையெழுத்தோடு பிறர் உடைமை ஆகிறதே என்று முதியோர் கலங்கினர். அந்தக் கண்ணீரை நாம் சிறுமைப்படுத்தக் கூடாது.

ஆயினும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் நிதானமாகச் சிந்திக்கும்போது மறுதரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். பௌத்த, இந்து, முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளை நல்ல கல்விக்காகக் கிறிஸ்தவப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தங்கள் வரிப்பணத்தில் சம்பளம் பெறும் ஆசிரியர் நியமனத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்று அவர்கள் முறையிட்டனர். பொன்ஜீன் ஆண்டகை எந்த வாதத்தால் உதவிப் பணம் கேட்டாரோ, அதே வரிப்பண வாதம் ஒரு நூற்றாண்டின் பின் எதிர்த்திசையிலிருந்து வந்தது. நாம் கேட்ட நியாயத்தைப் பிறர் கேட்கும்போது செவிமடுப்பதும் கிறிஸ்தவக் கடமையே.

இன்று திருமலைச் சூசையப்பர் கல்லூரி அரசாங்கப் பாடசாலை. பெயர் மாறவில்லை. சூசையப்பர் பெயரை எல்லாச் சமயப் பிள்ளைகளும் தம் பள்ளியின் பெயராகச் சொல்கின்றனர்.

துன்பக் காலத்தின் சாட்சிகள்

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலம் திருமலைப் பிள்ளைகளின் மேல் பெரும் பாரமாக விழுந்தது. இடம்பெயர்வு, சோதனைச் சாவடி, ஊரடங்கு ஆகியவற்றின் நடுவே அவர்கள் பரீட்சைக்குப் படித்தனர். 2006 ஜனவரி 2-ம் திகதி திருமலைக் கடற்கரையில் ஐந்து இளம் மாணவர் கொல்லப்பட்டனர். அந்தத் துயரம் எந்தப் பாடசாலைக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அது நகரத்துத் தாய்மார் அனைவருக்கும் உரியது.

குரு ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைக் குரு யூஜின் ஏபெயர் அடிகளார் 1948-ல் இலங்கை வந்தார். கிழக்கின் பாடசாலை மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர் என்று பழைய மாணவர் இன்றும் சொல்வர். பிற்காலத்தில் மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்கல்வி அளித்தார். 1990 ஆகஸ்ட் 15-ம் திகதி, தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் துணைவர் ஒருவரோடு புறப்பட்டார். இருவரும் திரும்பவில்லை. கட்டடம் அரசாங்கத்துக்குப் போனபின்னும் அவர் போனாரில்லை. பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்தார். கத்தோலிக்கக் கல்வி எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை ஒரு பதில்.

2004 டிசம்பர் 26-ல் கடல் எழுந்து வந்தபோது கிழக்குக் கரையின் பாடசாலைகளும் கோவில்களும் அகதிகளின் தங்குமிடங்களாயின. அன்று எந்தக் கட்டடம் எவருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கூரை இருந்தது, மக்கள் நுழைந்தனர். பழைய குருக்கள் எந்த நோக்கத்துக்காகக் கட்டினார்களோ அந்த நோக்கம் அன்று நிறைவேறியது.

நமக்குள்ள பாடம்

வாசகரே, இப்பொழுது தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். கட்டடம் யாருக்குச் சொந்தம்? சட்டப்படி உறுதிப் பத்திரத்தில் பெயருள்ளவருக்குச் சொந்தம். ஆனால் கட்டடம் எதற்காக எழுந்ததோ அந்தக் கடமை எவராலும் பறிக்கக்கூடியதன்று. பிள்ளைக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் கடமை பெற்றோருக்கு உரியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடும் பெற்றோரே முதன்மையான ஆசிரியர் என்று தெளிவாகக் கற்பிக்கிறது. பாடசாலை அவர்களுக்குத் துணை மட்டுமே.

நம்மிடையே இரு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று: பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துவிட்டது, இனி நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற சலிப்பு. ஒல்லாந்தர் காலத்தில் பாடசாலையும் இல்லை, வெளிப்படையான கோவிலும் இல்லை. அன்று முன்னோர் அப்படிச் சலித்திருந்தால் இன்று நாம் எங்கே இருப்போம்? மற்றது: சமயம் பாடசாலையில் ஒரு பாடமாக உண்டு, பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தால் போதும் என்ற மெத்தனம். கத்தோலிக்க சமய பாடத்தில் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளை ஞாயிறு பூசைக்கு வராமல் மேலதிக வகுப்புக்குப் போனால், அந்தச் சித்தியால் யாருக்குப் பயன்?

ஆகவே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்வோம்.

முதலாவது, மாலைச் செபத்தை வீட்டில் மீண்டும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் போதும். தந்தை வீட்டிலிருந்தால் தந்தையே தொடங்கட்டும். சூசையப்பர் பேசிய ஒரு சொல்லும் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. ஆயினும் அவர் வீட்டில் ஒரு பிள்ளை ஞானத்தில் வளர்ந்தது. பேசத் தெரியாத தந்தையும் முழந்தாளிடலாம்.

இரண்டாவது, பிள்ளையின் சமய பாட ஆசிரியரை அறிந்துகொள்ளுங்கள். கணித ஆசிரியரிடம் நான்கு முறை போகும் பெற்றோர் சமய ஆசிரியரை ஒரு முறையும் சந்திப்பதில்லை. சில அரசாங்கப் பாடசாலைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலரே இருப்பர். அவர்களுக்கு ஆசிரியர் உண்டோ என்று விசாரிப்பது பங்கின் கடமை.

மூன்றாவது, பாடசாலைக் கட்டடத்தைப் பேணுவதில் பங்கெடுங்கள். அது அரசாங்கத்தின் பொறுப்பு என்று கைகட்டி நிற்க வேண்டாம். சிரமதானத்துக்குப் போங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருங்கள். இந்துப் பெற்றோரோடும் முஸ்லிம் பெற்றோரோடும் சேர்ந்து ஒழுகும் கூரையைத் திருத்துவதும் விசுவாசச் சாட்சியமே.

நான்காவது, நினைவைக் காப்பாற்றுங்கள். போரும் புயலும் சுனாமியும் எத்தனையோ இடாப்புகளையும் படங்களையும் கொண்டுபோய்விட்டன. வீட்டிலுள்ள பழைய வகுப்புப் படத்தின் பின்புறத்தில் ஆண்டையும் பெயர்களையும் பென்சிலால் எழுதுங்கள். பாட்டனார் உயிரோடிருந்தால், தம் காலத்தில் கல்லூரி எப்படி இருந்தது, கட்டணம் எவ்வளவு, யார் படிப்பித்தார், மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஒரு முதியவர் கண்ணை மூடும்போது ஒரு வகுப்பறையே இருளடைகிறது. இதை இவ்வாண்டே செய்யுங்கள்.

வீட்டில் சிந்திக்க

1. உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவர் யார்? எந்தப் பாடசாலையில்? அதைக் கட்டியவர் யார்?

2. நாளை பாடசாலையில் சமய பாடமே இல்லை என்று வந்தால், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எவற்றைக் கற்பிக்க முடியும்? அவற்றுள் எவற்றை இன்று கற்பிக்கிறீர்கள்?

3. உங்கள் ஊரில் கல்விச் செலவுக்கு வழியின்றி நிற்கும் ஒரு பிள்ளை உண்டா? அந்தப் பிள்ளையின் சமயம் எதுவாயினும், உங்கள் குடும்பத்தால் என்ன செய்ய முடியும்?

செபம்

தொழிலாளரின் தந்தையாகிய புனித சூசையப்பரே, உம் பெயரால் எழுந்த பள்ளிகளையும் அவற்றில் பயிலும் எல்லாப் பிள்ளைகளையும் காத்தருளும். கல் சுமந்தவர்களுக்கும் கற்பித்து ஓய்ந்தவர்களுக்கும் நித்திய இளைப்பாற்றியைக் கேட்டருளும். எங்கள் வீடுகள் உமது நாசரேத்து வீட்டைப் போலப் பள்ளிகளாக விளங்க எங்களுக்காக மன்றாடும். ஆமென்.